இருபத்தஞ்சு ஓட்டையும் ஒரு பட்டனும்

இல்லைங்க, அதுல யூஎஸ்பியெல்லாம் கிடையாது. திருப்பிப் பின்பக்கம் பாருங்க. அகலமா, இருபத்தஞ்சு ஓட்டையோட ஒண்ணு இருக்கில்ல, அதான். அதுக்குப் பக்கத்துல கம்பி கம்பியா நீட்டிக்கிட்டு சின்னதா ஒண்ணு இருக்கே, அதுவும் வேணும். ரெண்டும் வேலை செய்யுதான்னு பாத்துச் சொல்லுங்க. டேபிள் மேலயே வெச்சுப் பிரிங்க. கீறல் விழுந்தா விழட்டும். இந்த டேபிள்ல இனிமே யாரு கூடி உக்காந்து சாப்பிடப் போறாங்க.

சிரிக்கிறீங்க. பரவால்ல, சிரிங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு கடையில கேட்டேன். ஒரு கடையில ஒரு பொண்ணு, காதுல மாட்டினத எடுக்காமலே, ஆன்ட்டி இத மியூசியத்துக்குக் குடுத்திருங்கன்னா. இன்னொரு கடைக்காரன் நல்லவன், பழைய இரும்புக்காரன் நம்பரே எழுதிக் குடுத்தான். நீங்க மட்டுந்தான் போன்ல, பிரிண்டர் போர்ட்டா, எந்த வருஷத்து மிஷின்னு கேட்டீங்க. சரி, இது தலை நரைச்ச ஆளு, வரச் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

என் வீட்டுக்காரரோடது. ஆமாங்க, அவரும் உங்க தொழில்தான். ஆபீஸ் ஆபீஸாப் போயி பிரிண்டர் மாட்டுறது, கம்ப்யூட்டர் மாட்டுறது. பிரிண்டர்காரருன்னு கேட்டா அப்ப எல்லாருக்கும் தெரியும். நீங்க கேள்விப்பட்டதில்லையா? இருக்கட்டும். அவரு ஒண்ணும் பெரிய ஆளில்ல. வாய் மட்டும் பெருசு.

வாய்னா வாய், அப்படி ஒரு வாய். கல்யாணமான புதுசுல எனக்குப் பேச இடமே கிடைக்காது. காலையில பல்லு வெளக்கும்போது ஆரம்பிச்சா, ராத்திரி தலையணையில தலை சாயுற வரைக்கும் நிக்காது. இந்த ஓட்டைங்களப் பத்தியே எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்காரு. இதோ பாருடி, இந்தப் பெருசு இருக்கே, சேதி போறதுக்கு இது கல்யாண மண்டப வாசல், எட்டுப் பேரு தோளோட தோள் உரசி ஒண்ணா உள்ள நுழையலாம். அந்தச் சின்னது சந்து, ஒருத்தன் பின்னால ஒருத்தன்தான் போகணும். ஆனா சந்துல போறவனும் வீடு போய்ச் சேருவான், கொஞ்சம் பொறுமை வேணும், அவ்ளோதான்னுவாரு. நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு உம் கொட்டுவேன். கடவுளே, இந்த மனுஷன் வாய ஒரு நாளாவது மூடக் கூடாதான்னு எத்தனையோ தடவ வேண்டியிருக்கேன். என் வேண்டுதல் எத்தனையோ இருந்துச்சு. கடவுள் பொறுக்கி எடுத்துக்கிட்டது அந்த ஒண்ண மட்டுந்தான்.

ஸ்குரு லூசா இருக்கா? பாத்துங்க. அந்தக் கேபிளுக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி ஒரு திருகாணி வரும்ல, அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சது. ஒரு நாள் ஒரு ஆபீஸ்ல பிரிண்டருக்குப் பின்னால கையை விட்டுத் திருகியிருக்காரு, விரல் திருகல. வீட்டுக்கு வந்து, ஸ்குரு செஞ்சவன் சரியில்ல, அவன் அப்பன் சரியில்லன்னு திட்டினாரு. அப்புறம் சட்டைப் பட்டன் போடல. சட்டை தைச்சவன் சரியில்லன்னாரு. அப்புறம் நாக்கு. ழகரம் போச்சு, லகரம் போச்சு. ஒரு ஆபீஸ் மேனேஜரு, காலையில பத்து மணிக்கே குடிச்சிட்டு வர்ற ஆளு எங்களுக்கு வேணாம்னு எல்லாரு முன்னாடியும் சொல்லி அனுப்பிட்டான். அவரு ஜென்மத்துல குடிச்சதில்லைங்க. விளக்கம் சொல்லலாம்னு வாயத் திறந்தா, அதுவும் குடிகாரன் பேச்சு மாதிரியேதான் வந்திருக்கு. வீட்டுக்கு வந்து டூல் பைய வாசல்லயே வெச்சிட்டு உக்காந்தாரு. அன்னைக்கி மட்டும் யாரையும் திட்டல.

டாக்டர் ஒரு பேரு சொன்னாங்க. வாயில நுழையாத பேரு. நரம்பு ஒவ்வொண்ணா தூங்கிப் போயிரும், புத்தி மட்டும் கடைசி வரைக்கும் முழிச்சிக்கிட்டு இருக்கும்னாங்க. நல்ல வேளை, புத்தி இருக்கும்ல சார்னு பக்கத்துல உக்காந்திருந்தவங்க யாரோ சொன்னாங்க. நல்ல வேளையாம்.

இவரு சும்மா இருக்கற ஆளா? கை முழுசாப் போறதுக்குள்ள உக்காந்து இந்த மிஷின்ல ஒரு புரோகிராம் எழுதினாரு. ஒரு விரலால, குத்திக் குத்தி. இப்ப உங்க கையில இருக்கே, வாசல்ல வைக்கிற காலிங் பெல் பட்டன், அதுலயிருந்து ரெண்டு வயரு இந்தப் பெரிய போர்ட்டுக்கு. பத்த வெச்சது நான். ஆமா, நானேதான். அவரால சால்டரிங் அயர்னப் பிடிக்க முடியல. இங்க வை, அங்க வை, ஈயம் உருண்டை கட்டுது பாரு, மடச்சி, ஊதாத, ஆறட்டும்னு கொழகொழன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இந்த விரல்ல தழும்பு தெரியுதா? அதுதான் எனக்குக் கிடைச்ச பட்டம். பிரிச்சுப் பாருங்க அந்த பிளக்க. சுத்தமா இருக்கா இல்லையா? சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. ம். நன்றி.

அது எப்படின்னா, திரையில வரிசையா வார்த்தை இருக்கும். ஒரு வெளிச்சம் ஒண்ணு மேல ஒண்ணா நகந்துக்கிட்டே போகும். வேண்டிய வார்த்தை மேல வரும்போது பட்டன ஒரு அமுக்கு அமுக்கணும். மொதல்ல தண்ணி. அடுத்தது திருப்பிப் படுக்க வை. அப்புறம் ஃபேன், அரிக்குது, போதும், வேண்டாம், இப்படி. அதுல இல்லாதத எழுத்துக் கூட்டியும் சொல்லலாம், ரொம்ப நேரமாகும். அமுக்கினதும் அது அந்தச் சின்ன போர்ட்டு வழியா, இதோ இந்தப் பேசுற பொட்டிக்குப் போகும். எந்த நாட்டுலயோ கண்ணு தெரியாதவங்களுக்காக செஞ்ச பொட்டியாம், தபால்ல வரவெச்சாரு. அதுக்குத் தமிழ் எங்க தெரியும்? வெள்ளக்காரன் வாயில வெத்தலையப் போட்டுக்கிட்டு பேசுற மாதிரி பேசும். தண்ணிய தன்னின்னும். முன்ன நான் எட்டுப் பேரா வருவேன், இப்ப ஒத்தை ஆளா சந்துக்குள்ள வரேன்னு அதுலயே ஜோக்கு வேற. அந்த ஒரு ஜோக்கக் கூட்டி முடிக்க என் சோறு வெந்து இறக்கியாச்சு. ஆனா சிரிச்சேன்.

பக்கத்து வீட்டுக்காரன் எங்க வாசல்ல வண்டிய விட்டான்னு அந்தப் பொட்டியிலயே சண்டை போட்டாரு தெரியுமா? ஜன்னலத் திறக்கச் சொல்லி, வால்யூம ஏத்தச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தா. அந்த ஆளு பாவம், ஒரு வசவு முழுசா வந்து முடியுற வரைக்கும் வெளிய நின்னு காத்துக்கிட்டிருந்தான். வண்டிய எடுத்துட்டான். திட்டுக்காக இல்ல, அதக் கேக்கறதுக்கு நின்ன கால் வலிக்காக எடுத்துட்டான்.

டீ ஆறிப்போச்சு போல. வேற போடவா? சரி, வேலைய முடிச்சிட்டே குடிங்க.

ஒரே பையன். வெளியூர்ல வேலை. கம்ப்யூட்டர்தான் அவனும், ஆனா அப்பா மாதிரி முட்டி போட்டு டேபிளுக்கு அடியில போற வேலை இல்ல, ஏசி ரூம். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். கெட்டவனா இருந்தா மூஞ்சிய திருப்பிக்கிட்டு போயிருவேன், எனக்கு வேலை சுலபம். அப்பான்னா உசுரு. அதுதான் வந்த வினையே.

மூச்சு இறங்க ஆரம்பிச்சப்ப டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாங்க. சின்ன வயசு, பொறுமையான பொண்ணு. கட்டில் பக்கத்துல உக்காந்து அவருகிட்டயே நேராப் பேசினாங்க. என்னைக்காவது ஒரு நாள் மூச்சு நிக்கற மாதிரி வரும் சார். அப்ப தொண்டையில ஓட்டை போட்டு, குழாய் வெச்சு, மிஷின்ல மூச்சு விட வைக்கலாம். வெச்சா வருஷக்கணக்கா இருக்கலாம். இல்ல, அது வேணாம், கஷ்டம் தெரியாம மருந்து மட்டும் குடுங்கன்னும் சொல்லலாம். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்னாங்க. நானும் இருந்தேன், பையனும் இருந்தான், மருமகளும் இருந்தா.

அவரு அமுக்கினாரு. வேண்டாம்னுச்சு பொட்டி. பையன், அப்பா நீங்க சரியா கேக்கலன்னு நினைக்கிறேன்னு மறுபடி மொதல்லயிருந்து சொன்னான். வேண்டாம். அப்பா, பேரன் வளர்றதப் பாக்க வேணாமாப்பான்னு அழுதுட்டான். வெளிச்சம் நகந்து நகந்து வந்துச்சு. நாங்க எல்லாரும் அதையே பாத்துக்கிட்டிருந்தோம். வேண்டாம்.

அப்ப பையன் எந்திரிச்சு டாக்டரம்மாகிட்ட என்ன சொன்னான் தெரியுமா? மேடம், இது ரொம்பப் பழைய போர்ட்டு. பட்டன் ஒட்டிக்கிச்சு, அதான் ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பி சொல்லுது. வயரெல்லாம் அம்மா பத்த வெச்சது, காண்டாக்ட் சரியில்ல. இத நம்பி முடிவு எடுக்க முடியாதுன்னான். அந்தப் பொண்ணு என்னப் பாத்துச்சு. நான், இல்லம்மா, அவருதான் சொல்றாருன்னேன். எங்கிட்டயும் முன்னாடியே சொல்லியிருக்காருன்னேன். பையன், அம்மா டயர்டா இருக்காங்கன்னான். படிச்சவன் கம்ப்யூட்டரப் பத்தி சொன்னா எடுபடும். பொண்டாட்டி புருஷனப் பத்தி சொன்னா எடுபடாது. டயர்டுன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிரும்.

கட்டில்ல இருந்து அவரு என்ன சொன்னாரா? எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள எல்லாரும் ஹாலுக்கு வந்துட்டாங்க. சந்து வழியா வர்றவனுக்காக யாருங்க காத்திருப்பா?

அடுத்த தடவ வந்தப்ப பையன் ஒரு பலகை வாங்கிட்டு வந்தான். பளபளன்னு, கண்ணாடி மாதிரி. கண்ணால பாத்தா போதும், அது பேசும். வயரு கிடையாது, ஓட்டை கிடையாது. பேச்சும் சுத்தமான தமிழு, நியூஸ் வாசிக்கிற பொண்ணு மாதிரி. அதுல கட்டம் கட்டமா, நன்றி, சரி, நலமாக இருக்கிறேன், வலிக்கிறது, உங்களை நேசிக்கிறேன். ஆமாங்க, உங்களை நேசிக்கிறேன். அவரு ஜென்மத்துல சொல்லாத வார்த்தை. வேண்டாம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, ஒரு மூலையில.

இவருக்குப் பொறந்ததுலயிருந்தே ஒரு கண்ணு கொஞ்சம் ஒதுங்கிப் பாக்கும். பொண்ணு பாக்க வந்தப்பவே நான் கவனிச்சேன், என்னப் பாக்கறாரா ஜன்னலப் பாக்கறாரான்னு எனக்கு சந்தேகம். மனுஷி எனக்கே சந்தேகம், அந்தக் கண்ணாடிக்கு என்ன தெரியும்? மூலையில பாத்தா நடுவுல குத்தும். தண்ணின்னு பாத்தா நன்றிங்கும். அரிக்குதுன்னு பாத்தா உங்களை நேசிக்கிறேங்கும். வந்தவங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். எவ்வளவு பக்குவமாயிட்டாரு பாருங்கன்னாங்க. ஆயுசு பூரா அத்தன பேரையும் திட்டின மனுஷன், ஒரு வாரத்துல ஊருக்கே நன்றி சொல்லி முடிச்சிட்டாரு.

பையன் டாக்டரம்மாவ மறுபடி வரவெச்சான். அப்பா, குழாய் வைக்கலாமாப்பான்னு கேட்டான். அவரு மூலையைத்தான் பாத்தாரு. நான் பாத்தேன், அந்தக் கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? பலகை சரின்னுச்சு. அவ்ளோ தெளிவா, அவ்ளோ அழகா. பையன் அவரு கால் மேல விழுந்து அழுதான். எங்கிட்டயும் சம்மதப் பேப்பர நீட்டினாங்க, நான் போட மாட்டேன்னுட்டேன். பையன் கையெழுத்தே போதும்னு சொல்லிட்டாங்க.

இந்த மிஷினையும் பொட்டியையும் மூட்டை கட்டி பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்திட்டான் பையன். அவன் அந்தப் பக்கம் போனதும் நான் தெருமுனை வரைக்கும் ஓடிப் போயி இறக்கிட்டு வந்தேன். என்னம்மா, உள்ள தங்கம் வெச்சிருக்கீங்களான்னு கேட்டான் வண்டிக்காரன். ஆமாப்பா, வாய் வெச்சிருக்கேன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பான்.

அப்புறம் என்ன. மழைக் காலம், சளி பிடிச்சது, மூச்சு நின்னுபோற மாதிரி ஆச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். தொண்டையில ஓட்டை போட்டாங்க. அதோட பேச்சு முடிஞ்சது.

என்னது, சரியாயிடுச்சா? மிஷினுக்குள்ள காசு மாதிரி இருக்கற சின்ன பேட்டரி போனதுதானா? அடக் கடவுளே, பச்சை எழுத்து. அதே மாதிரி வருது பாருங்க.  நீங்களே பாருங்க. வெளிச்சம் ஓடுதா? இப்ப அந்தப் பட்டன ஒரு தடவ அமுக்குங்க. ஃபேன்னு சொல்லுது. இன்னொரு தடவ. போதும். ஒரு தடவ அமுக்கினா ஒரு தடவதான் வருது, இல்லையா? சரி, இப்ப ஒட்டிக்கிட்ட மாதிரி அமுக்கிப் பிடிங்க. விடாதீங்க. விடாமப் பிடிச்சுக்கிட்டே இருங்க.

தன்னி, தன்னி, தன்னி.

ஏன் தண்ணியே வருது? என்ன சொல்றீங்க, சொல்லி முடிச்சதும் வெளிச்சம் மறுபடி மொதல் வார்த்தைக்குப் போயிருமா? அப்ப பட்டன் ஒட்டியிருந்தா தண்ணிதான வந்திருக்கணும். வேண்டாம் வரணும்னா ஒவ்வொரு தடவையும் அதுவரைக்கும் காத்திருந்து, விட்டு, அமுக்கியிருக்கணும். அப்படித்தான? இன்னொரு தடவ சொல்லுங்க. எனக்காக இல்ல, நான் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாதுன்னு கேக்கறேன்.

ம்.

என் சால்டர்ல தப்பில்ல.

ஐயோ, எந்திரிக்காதீங்க, எதுக்குக் கை கூப்புறீங்க? அவரு ஆத்மா சாந்தி... யாருங்க செத்தது? செத்தாருன்னு நான் சொன்னேனா? உள்ள இருக்காருங்க. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். மூச்சு மிஷின்ல. மூணாவது வருஷம் ஓடுது. பையன் தினமும் வீடியோவுல வந்து, அப்பா முகம் தெளிவா இருக்கும்மான்னு சொல்லுவான். பலகைய முன்னால நிறுத்தினா இவரு கண்ண மூடிக்கிறாரு, அதனால அதையும் எடுத்து வெச்சாச்சு. ஆமான்னா கண்ண மூடுங்கன்னு சொல்லி நான் கேள்வி கேப்பேன். வலிக்குதா, குளிருதா. நாம கேக்கறதுக்கு அவரு பதில் சொல்லலாம். அவரா ஒண்ணு சொல்லணும்னா எங்க போவாரு? அதையும் ஒரு நாள் கேட்டேன். இந்த மூச்சு மிஷின எடுத்துரச் சொல்லவான்னு. கண்ண மூடினாரு. சாயங்காலம் வரைக்கும் திறக்கல. அது ஆமாவா, கோவமா, தூக்கமா, எனக்கு எப்படித் தெரியும்? பையன்கிட்ட சொன்னா, தூங்கியிருப்பாரும்மாங்கிறான்.

கை சுத்தமாப் போச்சு. ஆனா வலது கால் கட்டைவிரல் அசையுது. எண்ணெய் தேய்க்கும்போது பாத்தேன், அசைங்கன்னு சொன்னா அசைக்கிறாரு, போதும்னா நிறுத்துறாரு. பட்டன அங்க வெச்சுக் கட்டிரலாம்ல? வயரு எட்டலன்னா நீளமா ஒண்ணு போட்டுக் குடுங்க, நானே பத்த வைக்கிறேன்.

இருக்கட்டும், நான் இப்படியே இருக்கேன்னு சொன்னாருன்னா அதுவும் சரிங்க. என் உசுரு இருக்கற வரைக்கும் பாத்துப்பேன், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அத அவரு சொல்லணும். நாலு மணிக்கு அந்த டாக்டரம்மா வராங்க, நான்தான் கெஞ்சி வரச் சொன்னேன். நான் சொன்னா பொண்டாட்டி சொல்றா. மிஷின் சொன்னா மிஷின் கெட்டுப் போச்சு. அதனால மிஷினப் பத்தித் தெரிஞ்ச ஒரு ஆளு, எங்களுக்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஆளு, கூட நின்னு, இது நல்லாத்தான் இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லணும். உங்கள ரிப்பேருக்கு மட்டும் கூப்பிடலைங்க.

மானிட்டர அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன். கனமா இருக்கும், வாசப்படியில மெதுவா. மொதல்ல அவருக்கு நீங்க யாருன்னு சொல்லிடறேன்.